ஆறு, ஒன்பது, பதினொன்று: பள்ளிச் சேர்க்கை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை பற்றியவை. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நம் ஊரில் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் எந்தப் பள்ளி, எந்த மீடியம், எந்த குரூப் என்று எடுக்கிற முடிவு பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் தன் வேலையைக் காட்டுகிறது. அப்போது போய் விதியைத் தெரிந்துகொண்டு பயனில்லை. அதனால் சில கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகள் கல்வி உரிமைச் சட்டத்தில் எல்.கே.ஜி. சேர்ந்தவள், இப்போது எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். மெட்ரிகுலேஷன் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் டெய்லர், நான் நூறு நாள் வேலைக்குப் போகிறேன். வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா, அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா? அரசுப் பள்ளிக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகி, நத்தம்

வட்டிக்கு வாங்காதீர்கள் அம்மா. பள்ளி உங்களிடம் பொய் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, அதனால் தனியார் பள்ளியின் 25 சதவீத ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதிலிருந்து நீங்கள் மற்ற பெற்றோரைப் போலத்தான். ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில் வந்து திகைத்து நிற்கின்றன. சேர்க்கும்போதே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்வதில்லை.

இனி உங்களுக்கு யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் உங்கள் மகளைப் போல கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. கல்லூரியில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்திலும் அப்படித்தான். கடன் வாங்கி அதே பள்ளியில் நீங்கள் தொடர்ந்தால் இந்த இரண்டும் கைவிட்டுப் போகும். ஒன்பதாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு மாற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் உதவாது. மாற்றுவதென்றால் இந்த ஜூன் மாதமே மாற்ற வேண்டும்.

டி.சி. வாங்கும்போது, இந்த மாணவி எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் படித்தாள் என்று ஆண்டு வாரியாக எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தனிச் சான்று ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நாலு வருடம் கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் போய்க் கேட்டால் அங்கே நிர்வாகம் மாறியிருக்கும், பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தர ஆளிருக்காது.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரு பதில்தான். மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவள் வைத்திருக்கும் அதே பாடப் புத்தகம்தான் அரசுப் பள்ளியிலும். 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர் பாடத்திட்டம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிட்டது. நிறைய அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது, உங்கள் ஊரில் எந்தப் பள்ளியில் என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் இருப்பது உயர்நிலைப் பள்ளியா மேல்நிலைப் பள்ளியா என்பதையும் கவனியுங்கள். உயர்நிலை என்றால் பத்தோடு முடிந்துவிடும், இரண்டு வருடத்தில் மறுபடி அலைய வேண்டும்.

பனியன் கம்பெனியில் வேலை போய்விட்டது. மகன் ஏழாம் வகுப்பு, தனியார் பள்ளி. இரண்டு டெர்ம் கட்டணம் பாக்கி. அதைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள். டி.சி. இல்லாமல் எந்தப் பள்ளியில் சேர்ப்பது?
— வாசகர், திருப்பூர்

ஐயா, டி.சி. இல்லாமலேயே சேர்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ டி.சி. வரவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், போன வருட மதிப்பெண் அட்டை இவற்றோடு பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பையன் ஒரு நாள்கூட வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தத் தனியார் பள்ளி. கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக வைத்துக்கொள்ளக் கூடாது, டி.சி.யில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் சட்டப்படி அதைத் தனியாக வசூலித்துக்கொள்ளலாம், அது பெற்றோருக்கும் பள்ளிக்கும் உள்ள விவகாரம், பிள்ளையை அதில் இழுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். உங்கள் பாக்கி தள்ளுபடியாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் எவ்வளவு பாக்கி என்பதைச் சரிபார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாக நிர்ணயம் செய்கிறது. அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்கும் தொகையை நீங்கள் கடன்பட்டதாகவே நினைக்க வேண்டாம்.

நடைமுறையில் சிக்கல் வருவது டி.சி. காகிதத்தைவிட எமிஸ் எண்ணில்தான். எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு. உங்கள் மகனுக்கு எமிஸ் இணையதளத்தில் ஒரு எண் இருக்கும். பழைய பள்ளி அவன் பெயரை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டால்தான் புதிய பள்ளி அவனைத் தன் பதிவேட்டில் எடுக்க முடியும். பல பள்ளிகள் வம்புக்கு இதைத்தான் செய்யாமல் இழுத்தடிக்கின்றன. பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், ஆனால் சீருடைக் கணக்கிலும் புத்தகக் கணக்கிலும் அவன் பெயர் வராது. கல்வி அலுவலகம் வழியாகவும் இதைச் செய்ய முடியும். ஆகவே சத்தம் போடாமல், டி.சி. கேட்டுத் தேதி போட்டு ஒரு விண்ணப்பம் எழுதிப் பள்ளியில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வாயால் சொன்ன புகாரை விட எழுதிக் கொடுத்த அரைப்பக்கத்துக்கு அங்கே மரியாதை அதிகம்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 30, 32 என்றுதான் எடுக்கிறாள். "இவள் பத்தில் எங்கள் சென்டத்தைக் கெடுத்துவிடுவாள், டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், பாஸ் என்று போட்டுத் தருகிறோம், இல்லையென்றால் ஃபெயில்தான்" என்று நேரடியாகவே சொல்கிறார்கள். அவளுக்குத் தெரிந்து அழுதுகொண்டே இருக்கிறாள்.
— வாசகி, ஈரோடு

படித்ததும் மனசு கொதித்தது. இத்தனை வருடம் கட்டணம் வாங்கிய ஒரு பிள்ளையை, பள்ளி வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸ் போர்டில் நூறு சதவீதம் என்று போடுவதற்காக வெளியே தள்ளுகிறார்கள் என்றால் அதைக் கல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது பல பள்ளிகளில் வழக்கமாகவே இருக்கிறது. எட்டு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது, ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைத்தான் மிரட்டலாகப் பயன்படுத்துகிறார்கள்.

டி.சி. என்பது பெற்றோர் கேட்டு வாங்குவது. நீங்கள் கேட்டு எழுதிக் கொடுக்காதவரை அவர்களாகத் திணிக்க முடியாது. பேச்சுவார்த்தை நடக்கும்போதே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், "சொந்தக் காரணத்துக்காக வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்" என்று அதில் தட்டச்சு செய்தே வைத்திருப்பார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள், வீட்டில் காட்டிப் பேசிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்க மாட்டார்கள். ஆண்டுத் தேர்வில் உண்மையிலேயே தேறவில்லை என்று சொன்னால் விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அதே சமயம் இன்னொன்றும் யோசியுங்கள். இவ்வளவு சொன்ன பிறகும் அதே ஆசிரியர்களிடம் இன்னும் ஒரு வருடம் அவள் உட்கார வேண்டுமா என்பதை அவளையே கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புச் சேர்ப்பதில் எந்தக் கேவலமும் கிடையாது. உங்கள் விருப்பப்படி போவது வேறு, துரத்தப்பட்டுப் போவது வேறு. எதுவானாலும் தனித்தேர்வராக எழுதட்டும் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடமே இல்லாமல் பத்தாம் வகுப்பு எழுதுவது அந்த வயசில் ரொம்பக் கஷ்டம்.

கணக்கில் மட்டும் இப்படியா, எழுதும்போது எழுத்து இடம் மாறுகிறதா, வாய்விட்டுச் சொன்னால் சரியாகச் சொல்லி எழுத்தில் கோட்டைவிடுகிறாளா என்று கவனித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அரசு மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்துகொள்ளலாம். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பிப்ரவரியில் ஓடினால் நடக்காது. 35 எடுத்தால் பாஸ். 30 எடுக்கும் பிள்ளையை 35-க்குக் கொண்டுவர முடியாத பள்ளி தன் சென்டத்தைப் பற்றிப் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பையன் பத்தில் 412. நான் பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்கிறேன், பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் இருக்கிறது என்கிறார்கள், அவன் காமர்ஸ் என்கிறான். மூன்று பேரும் மூன்று பக்கம். பதினொன்றுக்குப் பொதுத்தேர்வும் இல்லையாமே, அப்போது எந்த குரூப் எடுத்தாலும் ஒன்றுதானே?
— வாசகர், கும்பகோணம்

ஒன்றில்லை. குரூப் என்பது பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதைச் சொல்கிற விஷயம். கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் பொறியியல். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50 என்றுதான் கணக்கிடப்படுகிறது. நீட் எழுதவும் நர்சிங் போன்ற படிப்புகளுக்கும் உயிரியல் பாடம் வேண்டும். பயோ-மேத்ஸ் இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைக்கிறது, அதனால்தான் எல்லா அப்பாக்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அதற்கு விலை உண்டு, நான்கு கனமான பாடங்களை இரண்டு வருடம் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். டாக்டர் படிப்பில் ஆர்வமே இல்லாத பையனைச் 'சும்மா இருக்கட்டும்' என்று பயோ-மேத்ஸில் போட்டால், விலங்கியலில் செலவழிக்கிற நேரத்தில் கணிதக் கட்-ஆஃப் குறைந்து போகும்.

காமர்ஸ் என்றால் மார்க் இல்லாதவன் எடுப்பது என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. 412 எடுத்த பையன் தானாகக் காமர்ஸ் கேட்கிறான் என்றால் ஏன் கேட்கிறான் என்று உட்கார்ந்து பேசுங்கள். சி.ஏ., பி.காம்., ஐந்தாண்டு சட்டப் படிப்பு என்று ஒரு யோசனை அவனிடம் இருந்தால் தடுக்காதீர்கள். சினேகிதன் எடுக்கிறான் என்பதுதான் காரணம் என்றால் அது வேறு கதை. காமர்ஸ் எடுப்பதானால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றோடு நான்காவதாக எந்தப் பாடம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வணிகக் கணிதம் உள்ள பிரிவு கிடைத்தால் நல்லது, கணக்கு முழுதாக விட்டுப் போகாது, சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கும் கை கொடுக்கும். பள்ளியில் இருக்கிற குரூப்புக்காகப் பையனை வளைக்க வேண்டாம், கும்பகோணத்தில் பள்ளிக்கா பஞ்சம்?

பொதுத்தேர்வு விஷயம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 2017-18-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததற்குக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் முதல் நாளிலிருந்தே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்ததுதான். பிளஸ் டூவில் மார்க் மழை பொழியும், பொறியியல் முதல் வருடத்தில் பிள்ளைகள் கணிதத்தில் அரியர் வைத்துத் தவிப்பார்கள். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. மூன்று வருடம் அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய குறுக்குவழி திரும்ப வரும். பொறியியல் கட்-ஆஃப்புக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்பதால் பள்ளிகளுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் கேள்விகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

சேர்த்தபின் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் பையனின் இயற்பியல் நோட்டைத் திறந்து பாருங்கள், அறிவியல் குரூப் எடுத்திருந்தால். இயக்கவியல், இயக்க விதிகள், நியூட்டன் என்று இருந்தால் ஒழுங்காகப் பதினொன்றாம் வகுப்பு நடக்கிறது. நிலைமின்னியல், எலெக்ட்ரோஸ்டாட்டிக்ஸ் என்று இருந்தால் அது பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம். அன்றைக்கே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றுதானே? 7.5 சதவீதம் அங்கே படித்தாலும் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.
— வாசகி, பாளையங்கோட்டை

கிடைக்காது, சகோதரி. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, பள்ளி தனியார் நிர்வாகத்தினுடையது. புத்தகம், சைக்கிள் எல்லாம் அங்கேயும் உண்டு, புதுமைப் பெண் திட்டமும் பையன்களுக்கான அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு உண்டு. ஆனால் 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி இவையெல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்களும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்களையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சட்டம் மாறும்வரை இருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கும்போதே பள்ளிப் பெயர்ப் பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். இன்னொன்று, உதவி பெறும் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி, அதற்குக் கட்டணம் உண்டு.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து முடித்துவிட்டான். ஆறாம் வகுப்பு அரசுப் பள்ளியில் தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா? இதுவரை தமிழில்தான் படித்தான்.
— வாசகர், மன்னார்குடி அருகில்

மீடியம் மாறினால் 7.5 சதவீதம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், எந்த மீடியமானாலும் அரசுப் பள்ளி என்பதுதான் கணக்கு. ஆனால் தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறது. உங்கள் மகனிடம் ஐந்து வருடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஆறில் மாற்றினால் அது அத்தோடு நின்றுவிடும், பிறகு திரும்ப வந்தாலும் ஒட்டாது.

இதை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. பையனுக்கு அறிவியல் பாடத்தில் ஒரு பக்கத்தை ஆங்கிலப் புத்தகத்தில் வாசிக்கக் கொடுங்கள், பிறகு என்ன புரிந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறியாவது விஷயத்தைச் சொன்னால் மாற்றலாம். வரியைப் படிக்கிறான், பொருள் தெரியவில்லை என்றால் தமிழ் வழியே இருக்கட்டும், ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகப் படிக்கட்டும். இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டால் இங்கிலீஷ் வந்துவிடும் என்பதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன், வருவதில்லை. பாடமும் புரியாமல் மொழியும் வராமல் நடுவில் நிற்கும் பிள்ளைகள்தான் ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிறார்கள்.

மகன் பத்தில் கணக்கில் ஃபெயில். வீட்டில் இரண்டு நாளாக யாரும் சாப்பிடவில்லை. ஒரு வருடம் வீணா?
— வாசகி, விருத்தாசலம்

முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள். வருடம் வீணாகாது. ரிசல்ட் வந்த கையோடு துணைத்தேர்வு அறிவிப்பு வந்துவிடும், தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் இந்த வருடமே பிளஸ் ஒன் சேரலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கிற நாட்கள் மிகக் குறைவு, அதனால் பள்ளிக்கு நாளைக்கே போங்கள். மார்க் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் மறுகூட்டலுக்கும் போடுங்கள், ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருந்து துணைத்தேர்வை விட்டுவிட வேண்டாம். தேறிய பிறகு பிளஸ் ஒன் வேண்டாம், கைத்தொழில் கற்க வேண்டும் என்று அவன் நினைத்தால் பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம். அதை முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரவும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. அவனைத் தனியாக விடாமல் யாராவது கூடவே இருங்கள், திட்டுவதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூரிலிருந்து ஊருக்கே வந்துவிட்டோம். பெண் அங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தாள், வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. இங்கே ஏழில் எடுப்பார்களா, ஒரு வகுப்பு இறக்குவார்களா?
— வாசகர், கிருஷ்ணகிரி

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம், இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஏழிலிருந்து பத்துக்குள் நிறைய நேரம் இருக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளை என்பதால் எழுத்துப் பிடிபட்டால் மீதி தானாக வரும். ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை முதல் நாளே திணிக்காமல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வீட்டில் ஆரம்பியுங்கள், தினம் அரைமணி நேரம். ஏழில் சேர்வதால் 7.5 சதவீதத்துக்கு அவள் தகுதி பெற மாட்டாள், அது ஆறிலிருந்து என்பதால். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

என்.எம்.எம்.எஸ். தேர்வு என்று எட்டாம் வகுப்பில் சொல்கிறார்கள், எழுத வைக்கலாமா?
— வாசகி, அரூர்

கட்டாயம் எழுத வையுங்கள். அரசு, உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை இது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. கேள்விகள் இரண்டு பகுதி, மனத்திறன் 90, படிப்புத்திறன் 90. படிப்புத்திறனைப் பாடப் புத்தகம் பார்த்துக்கொள்ளும், மனத்திறனுக்குத்தான் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக வேண்டும். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்து வையுங்கள், தேர்வாகியும் பணம் வரவில்லை என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான். பணம் தொடர்ந்து வர, தனியார் பள்ளிக்கு மாறக் கூடாது, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55. ஒவ்வொரு வருடமும் இணையத்தில் புதுப்பிக்கவும் வேண்டும், கடைசித் தேதியை வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.